எக்ஸூசியா: வல்லமை வேறு, அதிகாரம் வேறு

லூக்கா 9:1இல் இயேசு பன்னிரண்டு சீடர்களை வரவழைத்து, பிசாசுகளைத் துரத்தவும் நோய்களைப் போக்கவும் அவர்களுக்கு இரண்டைக் கொடுக்கிறார். கிரேக்க மூலத்தில் ஒன்றின் பெயர் தூனமிஸ், மற்றதன் பெயர் எக்ஸூசியா. தமிழ் வேதாகமம் இவற்றை வல்லமை, அதிகாரம் என்று சரியாகவே பிரித்துத் தந்துள்ளது. ஒரு செயலைச் செய்து முடிக்கும் ஆற்றல் வல்லமை. அச்செயலைச் செய்ய ஒருவருக்கு இருக்கும் உரிமை எக்ஸூசியா.

‘செய்யலாம்’, ‘அனுமதி உண்டு’ என்று பொருள்படும் எக்ஸெஸ்தி என்ற வினையோடு பிறந்த பெயர்ச்சொல் இது. ஓய்வுநாளில் சீடர்கள் கதிர் கொய்ததைக் கண்ட பரிசேயர், செய்யத்தகாததைச் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டும்போது (மத்தேயு 12:2) அவ்வினையே எதிர்மறையில் வருகிறது. சொல்லை ‘எக்’ (இருந்து), ‘ஊசியா’ (இருப்பு) என்று உடைத்து, ‘உள்ளிருப்பிலிருந்து வெளிப்படும் ஆற்றல்’ என்று விளக்குவது கேட்க அழகாக இருந்தாலும், அது பொருளறியும் வழியன்று. ஒரு சொல்லின் பொருளை அதன் வேர் தீர்மானிப்பதில்லை, மக்கள் அதைக் கையாண்ட விதமே தீர்மானிக்கிறது என்று வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

மக்கள் எக்ஸூசியாவைக் கையாண்ட விதத்தைக் காண எகிப்துக்குப் போகலாம். ஆக்சிரிங்கஸ் நகரின் குப்பைமேடுகளில் கிடைத்த உரோமர் காலத்து உயில்களில், தாம் உயிரோடிருக்கும்வரை தம் சொத்தின் மீதான எக்ஸூசியா தமக்கே உரியது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தொடக்ககாலச் சபையைச் சேர்ந்த அனனியாவிடம் பேதுரு, நிலத்தை விற்ற பின்னும் பணம் உன் எக்ஸூசியாவில்தானே இருந்தது என்று கேட்பதும் (அப்போஸ்தலர் 5:4) இதே சொத்துரிமைப் பொருளில்தான்.

உரிமை என்றால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருக்கவேண்டும். ஆகவேதான் இச்சொல்லின் அருகே ‘கொடு’ என்னும் வினை அடிக்கடி வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு, வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் தமக்குக் ‘கொடுக்கப்பட்டது’ என்கிறார் (மத்தேயு 28:18). சோதிக்க வந்த பிசாசும்கூட அது தனக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டதாகவே சொல்லிக்கொள்கிறான் (லூக்கா 4:6). இதை எல்லாரினும் தெளிவாகப் புரிந்துகொண்டவர் கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு வீரர்களுக்குத் தலைவரான படை அதிகாரி என்பேன். நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன், எனக்குக் கீழும் போர்வீரர்கள் உண்டு, ஒருவனைப் போ என்றால் போகிறான் என்று அவர் சொல்லும்போது (மத்தேயு 8:9), தம் வாய்ச்சொல் பலிப்பது தம் தோள்வலியால் அன்று, தமக்கு மேலிருப்பவரிடமிருந்து இறங்கிவரும் உரிமையால்தான் என்பதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுகிறார்.

மொழிபெயர்ப்பு இடறும் இடம் 1 கொரிந்தியர் 11:10. பெண் தன் தலையின்மேல் எக்ஸூசியா உடையவளாயிருக்கவேண்டும் என்பதே பவுல் எழுதியது. பழைய தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் ‘முக்காடு’ என்கிறது. அவ்வசனத்தின் கிரேக்கத்தில் துணியைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. அந்த அதிகாரம் அவளுடையதா, அவள்மேல் வேறொருவர் செலுத்துவதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் வேதாகமத்தின் வெளிப்படுத்தல் நூலில் சாட்சிகள் இருவர் தண்ணீர்கள்மேல் ‘அதிகாரம் உடையவர்கள்’ (11:6), ஒரு தூதன் அக்கினியின்மேல் ‘அதிகாரம் உடையவன்’ (14:18) என்று இதே தொடர் வரும்போது, அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் எழுவாயாக நிற்பவரே. கொரிந்தியர் வசனத்தில் எழுவாய், பெண்.