படிவு வீதம்: ஒரு சொல் விளக்கம்

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மண் சாலையில் போனால் போதும், கொடியில் காயும் துணி, மோட்டார் சீட், சாமி மேடை என்று எல்லாவற்றிலும் தூசு படிந்துவிடும். லயத்து வீட்டில் புழங்கும் இந்தப் ‘படி’தான், காற்றிலுள்ள தூசு கீழே இறங்குவதைக் குறிக்கும் ‘டெபோசிஷன்’ என்ற கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘படிவு’ ஆகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘கீழே வைத்தல்’ என்று பொருள். வீட்டு வாடகைக்குக் கட்டும் டெப்போசிட்டும் அதே வேர்தான். தமிழில் இவை இரண்டு. பணத்தை ஒருவர் வைக்கிறார், அது வைப்பு. தூசை யார் வைத்தது? தானே வந்து படிகிறது. ஆகவே ‘வளிமண்டல வைப்பு’ என்று எழுதினால் காதில் உறுத்துகிறது.

‘படிவு’ என்று மட்டும் சொன்னாலும் குறை உண்டு. கேட்டதும் படிந்து கிடக்கும் அடுக்குதான் நினைவுக்கு வரும். அளப்பவருக்கு வேண்டியதோ ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்பது. அதனால் ‘படிவு வீதம்’ என்பதே என் தேர்வு.

அளக்கும் முறை எளியது. வாய் திறந்த ஜாடியை ஆளுயரக் கம்பத்தில் ஒரு மாதம் வைப்பார்கள். பிறகு இலை, பூச்சிகளை நீக்கி, மீதியை வடிகட்டி, உலர்த்தி நிறுப்பார்கள். 100 சதுர செ.மீ. வாயுள்ள ஜாடியில் 30 நாளில் 30 மில்லிகிராம் சேர்ந்தால், வீதம் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். மலேசியாவின் பழைய வழிகாட்டி அளவு, ஆண்டுச் சராசரியாக, 133.

காற்றில் மிதப்பதும் தரையில் இறங்குவதும் வேறு வேறு கணக்கு. 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரில் அவசரநிலை கொண்டுவந்த புகைமூட்டத்தை அளந்த தூய்மைக்கேட்டுக் குறியீடு மிதப்பதைச் சொல்வது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் நொடிக்கு ஏறக்குறைய 3 மி.மீ. இறங்கும், 1 மைக்ரான் துகளுக்கு அதில் நூறில் ஒரு பங்கு வேகம்தான். புகைத்துகள் நாள்கணக்கில் தொங்குவது அதனால்தான்.

மழை கழுவி இறக்குவது ஈரப்படிவு, மழையின்றி இறங்குவது உலர்படிவு. திறந்த ஜாடியில் இரண்டும் கலந்துவிடும். பேராக் மழையில் ஒரு மாதம் நின்ற ஜாடியின் கணக்கை ‘உலர்படிவு’ என்று எழுதுவது பிழை. உலர்படிவைத் தனியே அளக்க, தூறல் விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும் கலம் வேண்டும்.