பேசும் பொம்மைக்குள் பதினோரு சுருள்கள்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா, தன் சிறுவயது பொம்மையை வீட்டுப் பரணிலிருந்து கண்டெடுத்தார். சேட்டி கேத்தி என்று பெயர். கழுத்துக்குப் பின்னாலுள்ள வளையத்தை இழுத்துவிட்டால் பேசுமாம். அப்போது தேன்குரலாம், இப்போது ஆண்குரலில் உறுமுகிறது. வீட்டில் வைத்திருக்கவே பயப்படுகிறார். பேட்டரியே இல்லாமல் அது எப்படிப் பேசுகிறது? குரல் ஏன் மாறியது?"

சேட்டி கேத்தியை மேட்டல் நிறுவனம் 1960-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேச்சுப் பொறியை உருவாக்கிய ஜாக் ரையன், அதற்கு முன் ரேதியான் நிறுவனத்தில் ஏவுகணைகளில் வேலை செய்தவர். வயிற்றுக்குள் ஒரு சிறிய இசைத்தட்டு, ஒரு ஊசி, பிளாஸ்டிக் கூம்பு. வளையத்தோடு இணைந்த கயிற்றை இழுத்தால் சுருள்வில் முறுக்கேறும். விட்டால் அது அவிழ்ந்து தட்டைச் சுழற்றும். தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி அதிர்ந்து கூம்பை அதிர வைக்கும். கிராமபோன் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

புதியது வேறொன்று. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இந்தப் பொம்மை வெவ்வேறு வாக்கியம் பேசும். "ஒரு கதை சொல்லேன்" என்று சொல்லும், அடுத்த முறை "என்னோட விளையாட வர்றியா?" என்று கேட்கும். மொத்தம் 11 வாக்கியங்கள். அடுத்து எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிப்பு இல்லை, நினைவகம் இல்லை. பின் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சாதாரண இசைத்தட்டில் இருப்பது ஒரே ஒரு நீண்ட சுருள்தான். விளிம்பில் தொடங்கி மையம் வரை போகும். ரையனின் தட்டில் பதினோரு சுருள்கள் இருந்தன. கடையில் வாங்கும் கொசுவர்த்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஒரே வட்டமாக இருக்கும், ஆனால் எங்கும் ஒன்றையொன்று வெட்டாது. அதில் இரண்டு, இங்கே பதினொன்று. ஒவ்வொரு சுருளும் விளிம்பில் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. 360 பாகையைப் பதினொன்றால் வகுத்தால், ஏறத்தாழ 33 பாகைக்கு ஒரு வாசல். ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஒரு வாக்கியம்.

கயிற்றை இழுக்கும்போது ஊசி மேலே எழும்பி விளிம்புக்குத் திரும்புகிறது. அது இறங்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். அந்த நேரத்தில் ஊசிக்குக் கீழே எந்த வாசல் நிற்கிறது என்பது மட்டும் மாறும். குழந்தை எவ்வளவு தூரம் இழுத்தாள், போன முறை தட்டு எங்கே நின்றது, உராய்வு எவ்வளவு என்ற சின்னச் சின்ன வேறுபாடுகள் அதை முடிவு செய்கின்றன. ஒரு வாசலுக்குள் நுழைந்துவிட்டால், தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஊசி மற்ற பத்துச் சுருள்களையும் தாண்டி உள்ளே நகர்ந்திருக்கும். ஆனாலும் தடம் மாறாது. ஒரு குழந்தைக்கு "இது தானாக யோசித்துப் பேசுகிறது" என்ற எண்ணத்தைத் தந்தது இவ்வளவு எளிய வடிவியல்! நான் பார்த்த பொறியியல் யோசனைகளில் மிக அழகானவற்றுள் இதற்கு இடமுண்டு. 1965-ல் இதே பொறியில் கடிகார முள் போன்ற ஒரு காட்டியைச் சேர்த்து, எந்த வாசல் வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும்படி மேட்டல் இன்னொரு பொம்மையும் செய்தது.

இனி அந்த உறுமலுக்கு வருவோம். தட்டு எப்போதும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். எடிசன் 1890-ல் விற்ற பேசும் பொம்மை தோற்றதற்கு ஒரு காரணம் இதுதான். கைப்பிடியைக் குழந்தையே சீராகச் சுற்ற வேண்டியிருந்தது, அது நடக்கிற காரியமா? சேட்டி கேத்தியில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு பகுதி உண்டு. சுழற்சியைக் கடத்த ரப்பர் வளையம் ஒன்றும் உண்டு. அறுபது ஆண்டுகளில் ரப்பர் விரிசல் விடும், அல்லது பிசுபிசுத்துப்போகும். வளையம் வழுக்கினால் வேகம் குறையும்.

வேகம் பாதியானால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் பாதியாகும். சங்கீதக்காரர்கள் சொல்வதுபோல் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். 300 ஹெர்ட்ஸில் பேசிய குழந்தைக் குரல் 150 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வளர்ந்த ஆணின் குரல் எல்லைக்கு, வந்துவிடும். ஆனால் அது சாதாரண ஆண்குரலாகக்கூட ஒலிக்காது. நம் தொண்டையும் வாயும் சேர்ந்த ஒலிப்பாதையின் நீளம்தான் குரலுக்கு அதன் நிறத்தைத் தருகிறது. பெண்களுக்கு அது சுமார் 14 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 17 செ.மீ. பொம்மைக்குக் குழந்தைபோல் குரல் கொடுத்தவர் ஒரு பெண். தட்டு பாதி வேகத்தில் சுற்றும்போது அந்த நிறமும் பாதியாக இறங்குவதால், 28 செ.மீ. ஒலிப்பாதை கொண்ட ஓர் உருவம் பேசுவதுபோல் காதுக்குக் கேட்கிறது. அப்படி ஒரு மனிதர் உலகில் இல்லை. மூளை திடுக்கிடுவது இயல்புதான்.

அதற்குப் பேய் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சேட்டி கேத்திக்குக் குரல் கொடுத்த நடிகை ஜூன் ஃபோரேயே 1963-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மிரட்டும் பொம்மைக்கும் குரல் கொடுத்தார். அந்த மாதிரிக் கதைகளின் நிழல் இன்னும் இந்தப் பொம்மைகள் மேல் விழுகிறது. பயத்தில் ஒருவர் பரணிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டால், அதனுடன் ஒரு காலத்தின் ஒலியும் போய்விடும். எடிசன் பொம்மைகளின் குரலை நாம் இன்று கேட்பதே, அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தின் கார்ல் ஹேபரும் சக ஆய்வாளர்களும் பள்ளங்களைத் தொடாமல் ஒளியாலேயே படிக்கும் முறையை உருவாக்கியதால்தான். ஹேபர் ஒரு துகள் இயற்பியலாளர். "துகள் ஆராய்ச்சிக்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசகியின் தோழிக்கு: அடிக்கடி கயிற்றை இழுக்க வேண்டாம். பொம்மையின் உடல் ஒட்டி மூடப்பட்டது. ரப்பர் வளையத்தை மாற்ற, ஒட்டிய இடத்தைப் பிரிக்க வேண்டும் என்பதால், பழகியவரிடம் கொடுங்கள். அதுவரை உறுமலைக் கைப்பேசியில் பதிவு செய்து, கணினியில் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். சுருதியை அப்படியே வைத்திருக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். வளையம் சீராக வழுக்கியிருந்தால், ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அந்தப் பழைய குரல் திரும்பிவிடும்.