காற்றாலை மின்சாரம் தஞ்சைத் தெருவிளக்குக்கு வந்துசேரும் விதம்

ஒரத்தநாட்டில் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நடவு செய்பவரிடம், அவருடைய வயலில் நிற்பது கபினித் தண்ணீரா, பவானித் தண்ணீரா என்று கேட்டால் அவரால் சொல்ல இயலாது. ஹேமாவதியும் கபினியும் மேட்டூருக்கு மேலேயே காவிரியில் கலந்துவிடுகின்றன. பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை அணைக்குக் கீழே வந்து சேர்கின்றன. கல்லணையில் இன்ன ஆற்றுத் தண்ணீர் என்று எவரும் பிரிப்பதில்லை. இவ்வளவு கன அடி என்றுதான் பிரிக்கிறார்கள். ஒரு நகரம் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வாங்குவதும் இத்தகைய ஒரு கணக்குதான்.

தஞ்சாவூர் மாநகராட்சி தன் தெருவிளக்குகளுக்கும் குடிநீரேற்று நிலையங்களுக்கும் அவ்வாறு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முப்பந்தலிலிருந்து தஞ்சைக்கென்று தனிக் கம்பி எதுவும் வராது. முப்பந்தல் காற்றாலைகள், கமுதி சூரிய மின் நிலையம், டெல்டாவிலேயே இயற்கை எரிவாயுவை எரிக்கும் கோவில்களப்பால் நிலையம் ஆகிய அனைத்தும் ஒரே மின்தொகுப்பில், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் ஒரே கம்பி வலைப்பின்னலில், கலக்கின்றன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்தியத் தொகுப்பு பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டதிலிருந்து நாடு முழுவதும் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அலைவுகளை, ஒட்டிய ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஆகவே விளக்கில் எரிவது கலவைதான். ஆனால் நகரம் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடாகக் காற்றாலை ஒரு யூனிட்டைத் தொகுப்புக்குள் செலுத்தியிருக்க வேண்டும். அதே யூனிட்டை வேறொருவர் கணக்கிலும் எழுதக் கூடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இவ்வளவு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழியில் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழ்: 1,000 யூனிட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று, உற்பத்தியாளரோடு நேரடியாகச் செய்துகொள்ளும் நீண்டகால ஒப்பந்தம்; 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் தேவையுள்ள நுகர்வோருக்கு இதை அனுமதிக்கின்றன. ஒப்பந்தமே மேலானது என்பது என் கருத்து. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். புதிய காற்றாலைக்குக் கடன் கிடைக்க வேண்டுமானால் பல ஆண்டுகளுக்கு வாங்குபவர் ஒருவர் உறுதியாக நிற்க வேண்டும். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா அவ்வாறே நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்து, 2020 முதல் தன் பயன்பாடு முழுவதற்கும் ஈடான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைத் தொடர்ந்து வாங்கி வருகிறது. 2022இல் அந்நாட்டின் மின்சந்தை விலை எகிறியபோது, ஒப்பந்த விலைக்கு மேல் கிடைத்த தொகையை உற்பத்தியாளர்கள் திருப்பித் தர வேண்டியிருந்ததால், அந்நகர மக்கள் விலையேற்றத்திலிருந்து பெருமளவு தப்பினர்.

தண்ணீரோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மேட்டூர் 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கி வைக்கும். அங்கே திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நாள்களுக்கு மேல் ஆனாலும் குறுவைக்குக் கேடில்லை. மின்தொகுப்பிலோ உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் அதிர்வெண் சரியும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று பெருகும்போது நகரத்தின் தேவைக்கு மிஞ்சியே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து, சம்பா வயல்களின் மேல் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்போது காற்றும் வெயிலும் ஒருசேரக் குறையும். அப்போது தஞ்சையின் விளக்குகள் நிலக்கரியின் தயவில்தான் எரியும். ஆண்டு முடிவில் மொத்தம் நேராகிவிடுவதால் நூறு விழுக்காடு என்று எழுதுவது பொய்யாகாது. ஆனால் அந்த இரவுகளில் எரிந்த நிலக்கரி அதில் தென்படாது.

ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் கடம்பாறை நிலையம், மிகை மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலேற்றி வைத்துத் தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. இத்தகைய நீரேற்று நிலையங்களும் மின்கலங்களும் சில மணி நேர இடைவெளியை நிரப்பும்; வாரக்கணக்கான மூட்டத்தை அவற்றால் மட்டும் கடக்க இயலாது. கார்த்திகையில் ராஜஸ்தானின் வானம் தெளிந்திருக்கும். தொகுப்பு ஒன்றாக இருப்பதால், அங்கே பகலில் விளையும் மின்சாரத்தை இங்கே ஒப்பந்தத்தில் சேர்த்து, ஒரு பங்கை மாலைக்கென மின்கலத்தில் தேக்கிக்கொள்ளலாம். நம் மின்தொகுப்பில் ஏற்கெனவே ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, அதாவது 96 கூறுகளாகப் பிரித்தே உற்பத்தி திட்டமிடப்படுகிறது. ஆதலால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நகரம், கார்த்திகை மாதத்து இரவு ஏழு மணிக் கூறில் தனக்கான மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்ற கணக்கையும் கேட்டுப் பெற முடியும்.