இரண்டு ஔவையார்

போன மாதம் ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை வந்தது. ஏறத்தாழ பதினோராயிரம் வரி. சும்மா சோதனைக்காக 'ஔவையார்' என்று தேடிப் பார்த்தேன். மூன்று நூல்கள்தான் வந்தன. ஆத்திசூடிக்கே நாலைந்து பதிப்பு அடுக்கி வைத்திருக்கும் நூலகத்தில் மூன்றா? பட்டியலைக் கண்ணால் மேய்ந்தேன். பாட்டி பத்தொன்பது இடத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் பதினாறு இடத்தில் அவர் ஔவையார் இல்லை, ஒ-ள-வையார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்கு?" என்றார் நூலகர். கர்சரை முதல் எழுத்துக்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டச் சொன்னேன். சரியான ஔ என்றால் முழுதாகப் போய்விடும். இங்கே ள மட்டும் போய் ஒ நின்றது. "அட, பாட்டி உடைஞ்சுட்டாங்களே!"

தரவு சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவனுக்கு இந்த உடைந்த பாட்டி தினசரிப் பழக்கம். பழைய பாமினி எழுத்துருவில் ஔவுக்கென்று தனி விசை கிடையாது. ஒ, ள இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் பார்க்க ஔ மாதிரி இருக்கும், அச்சுக்கு அது போதும். உண்மையில் பாமினி கோப்பில் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகள்தான் 'தமிழ்' என்று வேஷம் கட்டி நிற்கின்றன. எழுத்துருவை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். அந்தக் கோப்பைப் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் கேட்டால் அவர் காதில் தமிழ் விழாது.

சரி, எழுத்துருவை மாற்றித் தரும் நிரலில், அதாவது மாற்றியில் போட்டு, எழுத்துக்கு எழுத்து எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடாக்கிவிடலாமே என்பார்கள். அங்கேதான் அடுத்த கூத்து. கௌ என்பதையும் பாமினியில் கொம்பு, க, ள என்றுதான் அடித்திருப்பார்கள். அதைப் பார்க்கும் அவசர மாற்றி, கொம்பு போட்ட எழுத்துக்குப் பின் ள வந்தாலே ஔகாரம் என்று முடிவு கட்டிவிடும். விளைவு, 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும், 'வெள்ளை' என்பது 'வௌ்ளை' ஆகும். இணையத்தில் இவற்றை நிறையவே பார்க்கலாம். மாற்றி எதையும் மாற்றாமல் விட்டாலோ கௌரி 'கெளரி' ஆகவே தங்கிவிடுவார். எதை ஒட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல் தெரிந்த ஆள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நூலகத்தில் இதனால் சில புத்தகம் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். ஆனால் கௌ-வில் பெயர் தொடங்கும் ஒரு அம்மாவை, ஓர் அலுவலகத்தில் 'உங்க பேரே இல்லையே' என்று திருப்பி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெயர் இருந்தது, மூன்று துண்டாக. தேடியவர் மேல் தப்பில்லை, அவர் சரியாகத்தான் அடித்தார்.

ஸ்ரீயும் இப்படித்தான். யூனிகோடில் ஶ என்ற எழுத்து 2005-இல் சேர்ந்தது. அதன்பின் ஸ-வை வைத்தும் ஸ்ரீ எழுதலாம், ஶ-வை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம்.

இதை எங்கே எழுதினாலும் ஒருவர் வந்து, 'யூனிகோடே தமிழுக்கு எதிரான சதி, 247 எழுத்துக்கும் இடம் தரவில்லை' என்று ஆரம்பிப்பார். அவர் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நமக்குக் கிடைத்த 128 இடத்தின் அடுக்குமுறை, இந்திய மொழி எழுத்துகளுக்கான 1988-ஆம் ஆண்டின் பொதுத் தரத்தைப் பார்த்து வைத்தது. அதனால்தான் ன போய் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அகரவரிசைக்கென்று தனி விதி எழுதி அதை எப்போதோ சமாளித்துவிட்டார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்16 முறையையும் ஏற்று அரசாணை போட்டது. டேஸ்16 இருப்பது, அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள விட்டிருக்கும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதற்கான எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரியும். என் அனுபவத்தில், பதினாறு ஒ-ள-வையார்களை உருவாக்கியது எந்தச் சதியும் இல்லை, நம் விரல் பழக்கம்தான்.

அரசாணை வந்தாலும் வேலை ஆணையில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். எனக்கு வரும் ஆணைகளில் 'யூனிகோடில் தட்டச்சு செய்து தரவும்' என்று ஒரு வரி இருக்கும், அப்புறம் பிழை திருத்தம் பற்றி ஒரு வரி. பிழை திருத்துபவர் காகிதத்தில் படிக்கிறார், காகிதத்தில் இரண்டு ஔவையாரும் ஒருவரே. அதனால் இப்போது நானே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: வேலையை ஒப்படைக்கும்போது 'ஒள', 'கெள', 'செள', 'மெள' ஆகியவற்றைக் கோப்பில் தேடிக் காட்ட வேண்டும். 'ஒளி' போன்ற நல்ல சொற்களும் கூடவே வரும், அவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் போதும்.

தட்டச்சு செய்பவர்கள் தமிழ்99 விசைப்பலகைக்கு வந்துவிட்டால் பாதித் தொல்லை குறையும், அதில் ஔவுக்குத் தனி விசை உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அமைப்பு அது. பழகச் சில வாரம் ஆகும்.

நூலகர் பதினாறையும் தன் கையாலேயே திருத்தினார். திருத்தி முடித்ததும் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். சௌந்தரவல்லி. பட்டியலின் கீழே 'தொகுத்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. தேடலில் வரவில்லை.