ஹைபர்கலீமியா என்றால் 'உப்பு கூடுவது' இல்லை

நோயாளிகளுக்கு எழுதும் தமிழ்க் குறிப்புகளில் ஹைபர்கலீமியாவை 'இரத்தத்தில் உப்பு அதிகரித்தல்' என்று போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இது ஆபத்தான தப்பு.

சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்: ஹைபர் கிரேக்கத்தில் மிகை, ஈமியா இரத்தத்தைக் குறிப்பது, நடுவில் இருப்பது கேலியம், அதாவது பொட்டாசியத்தின் லத்தீன் பெயர், செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, இரத்தப் பொட்டாசிய மிகை. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பு. 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை.

இப்போது 'உப்பு'க்கு வருவோம். வீட்டில் உப்பு என்றால் சோற்றில் போடுவது. கிட்னி நோயாளிகள் பேச்சில் 'உப்பு ஏறிடுச்சு' என்றால் கிரியாட்டினின், யூரியா என்ற இரத்தக் கழிவுகள். இதில் பொட்டாசியத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன ஆகும்? இதயமும் சிறுநீரகமும் கெட்டவர் அதைப் படித்துவிட்டு சமையல் உப்பை நிறுத்தி, கடையில் 'லோ சோடியம்' உப்பு வாங்குகிறார், அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு, பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் உப்புக் கரிக்காதே, அதனால் அவை பாட்டுக்குத் தொடர்கின்றன. அடுத்த டெஸ்ட்டில் அளவு இன்னும் மேலே.

'மக்களுக்குப் புரியும் சொல்' என்பார்கள். தப்பாகப் புரிவதைப் புரிதல் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம், பொட்டாசியத்தைத் தமிழில் 'சாம்பரம்' என்றே எழுத வேண்டும் என்னும் கட்சி. வேர்ப்பொருளில் சரிதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் என்றுதான் இருக்கிறது, இரண்டும் ஒன்று என்று நோயாளிக்கு யார் சொல்வது? தனிமத்தின் பெயரை அப்படியே விடுங்கள்.

அப்புறம், ஹைபர்கலீமியாவுக்கு முன்னால் டாக்டர்கள் போடும் 'ரெக்கரன்ட்' (recurrent) என்ற அடைமொழி. இதைத் 'தொடர்' என்று எழுதுகிறார்கள். தொடர்வது வேறு, இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது வேறு. ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும், ஆனால் பலவீனமான இதயத்தைக் காப்பதும் அவைதான். நிறுத்தினால் பொட்டாசியம் இறங்கும், இதயம் சிரமப்படும், மறுபடி ஆரம்பித்தால் மறுபடி ஏறும். அதனால்தான் பாடிரோமர் போல, குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் மருந்தைக் கூடவே கொடுத்து, இதய மாத்திரையை முடிந்தவரை நிறுத்தாமல் பார்க்கிறார்கள். ஒரு ரிப்போர்ட் நார்மல் என்றதும் நோயாளி தானாகவே டெஸ்ட்டையும் உணவுக் கட்டுப்பாட்டையும் விட்டுவிடக் கூடாது என்பது அந்த ஒரு அடைமொழியில்தான் இருக்கிறது.

'மீள் பொட்டாசிய மிகை' என்று சுருக்கலாமே என்றால், நோயிலிருந்து மீள்வது என்று குணமாவதற்கும் அதே சொல்தானே. 'திரும்பத் திரும்ப வரும் இரத்தப் பொட்டாசிய மிகை' என்று நீளமாகவே எழுதுங்கள்.