நீல டிக் யாருடையது?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை; பெயர் வேண்டாம். தொழிலாளர் உறவு ஆலோசகராக அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். முதல் ஷிப்ட் இனி 7 மணிக்கில்லை, 6 மணிக்கே என்று வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் போட்டார்கள். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. "பாருங்க சார், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்று மேலாளர் போனைக் காட்டினார்.

திங்கட்கிழமை 6 மணிக்கு, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் பக்கம் பாதி ஆள் இல்லை.

விசாரித்தோம். ஒரு அம்மா கொடுத்திருந்தது மகனுடைய எண். செய்தியைத் திறந்தது அவன்தான். வீட்டில் சொல்ல மறந்துவிட்டான். ஒடிசா பையன்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அந்த இயந்திரங்களைக் கவனிக்கும் ஒரு தொழிலாளி (சைடர் என்பார்கள்) சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "நாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தாங்க. நான் மட்டும் போடலைன்னா சூப்பர்வைசர் கண்ணுல படும்னு போட்டேன். திறந்தே பாக்கல சார்."

முன்பெல்லாம் கேட் பக்கத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். டீ நேரத்தில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் திட்டுவார், அது சூப்பர்வைசர் காதிலும் விழும். நிர்வாகத்துக்குக் காசில்லாமல் கிடைத்த கருத்துக்கணிப்பு அது. இந்தக் குழுவிலோ அட்மின் மட்டும்தான் எழுத முடியும். அப்புறம் யார் திட்டுவது?

நிலையாணைக்கு, அதாவது ஆலையின் வேலை விதிகளுக்கு, புறம்பாக ஷிப்டை மாற்றினால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், 9ஏ பிரிவு. 2020இல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. உட்கார்ந்து பேச அது ஒரு அவகாசம். இங்கே கொடுத்தது நாலே நாள். அனுப்புவது சுலபமாகிவிட்டதால் வந்த அவசரம் என்றுதான் நினைக்கிறேன்.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவில்லை. கம்பெனி பஸ் தாமதமா, யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமா, அதைவிட நல்ல வழி கிடையாது. சம்பளம், நேரம், லீவு என்றால் மட்டும் ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

சரி, மாற்றத்தை நிறுத்திவைத்தோம். ஷிப்ட் மாறும் நேரத்தில் 10 நிமிடம் நின்று பேசினோம். ஒடியா பேசும் தொழிலாளி ஒருவரை வைத்தே ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினோம். குழுவின் பூட்டையும் எடுத்துவிட்டோம். ராத்திரியே ஒடியாவில் பதில் வந்தது. 6 மணிக்கு வேலைக்கு வந்தால் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தான் ஒரு பையன். கேன்டீன் 6.30க்குத்தான் திறக்கும். அதை யாருமே யோசிக்கவில்லை.