லூபஸ்: ஓநாயும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம்

மருத்துவ அறிக்கைகளில் 'எஸ்.எல்.ஈ.' என்று சுருக்கமாக எழுதுகிறார்களே, அதன் விரிவு சிஸ்டமிக் லூபஸ் எரித்மட்டோசஸ் என்னும் நோய். இதையும் இதன் வகைகளையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. லூபஸ் லத்தீன் சொல், பொருள் ஓநாய். எரித்மா கிரேக்கச் சொல்; தோல் சிவத்தலைக் குறிப்பது. சிஸ்டமிக் என்றால் உடல் முழுவதையும் சார்ந்தது.

ஓநாய் எப்படி வந்தது? முகத்துச் சதையை அரித்துத் தின்னும் புண்களை இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் பெயர் ஒன்றுதான். தோலில் வரும் காசநோய்க்கு இன்றும் லூபஸ் வல்காரிஸ் என்று பெயர். அதற்கு ஒளிச் சிகிச்சை கண்டுபிடித்த நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். அது கிருமியால் வருவது. நாம் பேசும் லூபஸ் தொற்றுநோயே அல்ல. பழைய நூல்களில் 'லூபஸ்' என்று மட்டும் இருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

1851இல் பாரிஸின் தோல் மருத்துவர் கசனாவ் 'எரித்மட்டோசஸ்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். வியன்னாவில் ஹெப்ரா, மூக்கின் இருபுறமும் கன்னங்களில் படரும் தடிப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். அவருடைய மருமகன் கபோசி, இந்நோய் தோலோடு நிற்பதும் உண்டு, உடலெங்கும் பரவுவதும் உண்டு என்று 1872இல் பிரித்துக் காட்டினார். இன்றைய வகைப்பாட்டின் வேர் அதுதான்.

இவர்கள் எல்லோரும் பார்த்தது வெள்ளைத் தோல். அதனால்தான் பெயரில் சிவப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அதே தடிப்பு பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். வெயிலில் கறுத்துவிட்டது, மங்கு விழுந்திருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே 'செம்' என்று தொடங்கும் மொழிபெயர்ப்பு எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. சிவப்பைத் தேடுகிறவர் நோயைத் தவறவிடுவார். 'ஓநாய் நோய்' என்பதோ பயமுறுத்தும், விளக்காது.

உண்மையில் நடப்பது என்ன? கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்தச் செல்லின் உட்கருவையும், அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வையும் தாக்குகின்றன. ஏ.என்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை தேடுவது உட்கருவுக்கு எதிரான அந்த எதிர்ப்பொருள்களைத்தான். இதைத் 'தன்னுடல் தாக்குநோய்' என்பது பொருத்தமான தமிழ். 'எதிர்ப்பு சக்தி குறைவு' என்று சொல்வது தவறு. அப்படிக் கேட்டுவிட்டு எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம் என்று தேடிப் போகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இங்கே சக்திக்குக் குறைவில்லை, திசைதான் மாறிவிட்டது.

எஸ்.எல்.ஈ.க்கு 'பல்லுறுப்பு லூபஸ்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளைப்பேறு வயதினர். மூட்டுவலி, விடாத அசதி, காய்ச்சல், முடி உதிர்தல், வலிக்காத வாய்ப்புண், வெயில் பட்டால் கூடும் தடிப்பு என்று தொடங்கலாம். நுரையீரலையும் இதயத்தையும் சுற்றியுள்ள உறைகளில் நீர் சேரலாம். மூளை பாதித்தால் வலிப்பு வரலாம். சிலருக்கு ரத்தம் தேவையில்லாமல் உறைந்து, கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேர்கிறது. மிகவும் அஞ்ச வேண்டியது சிறுநீரக பாதிப்பு. எதிர்ப்பொருள்கள் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அங்கே வலிக்காது. சிறுநீர் நுரைப்பதும் கால் வீங்குவதும் தெரிவதற்குள் சேதம் நடந்திருக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். மலேரியாவுக்குத் தந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் இன்றும் சிகிச்சையின் அடிப்படை. நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் கண் விழித்திரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தோலோடு நிற்பது 'தோல் லூபஸ்'. அதில் டிஸ்காய்டு என்பதை 'வட்டத் தழும்பு லூபஸ்' எனலாம். நடுவில் நிறம் வெளுத்து, ஓரம் கறுத்து, தலையில் வந்தால் முடி நிரந்தரமாகப் போய்விடும். இவர்களில் சிலருக்குப் பின்னாளில் உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படுவதுண்டு.

'மருந்துவழி லூபஸ்' ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், காசநோய்க்கான ஐசோனியசிட் போன்றவற்றால் வருவது. மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம் 'பச்சிளங்குழந்தை லூபஸ்'. பெயர் அப்படி இருந்தாலும் குழந்தைக்கு லூபஸ் வந்துவிட்டதாகப் பொருளில்லை. தாயின் ரத்தத்தில் உள்ள ரோ, லா என்னும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்வதால் நேர்வது. தோல் தடிப்பு சில மாதங்களில் மறைந்துவிடும். அபூர்வமாக இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை முழுவதும் அடைபட்டுப் போனால் அது மட்டும் திரும்பாது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. அதனால் இந்த எதிர்ப்பொருள்கள் இருக்கும் தாய்மார்களுக்கு, கர்ப்பத்தின் நடுமாதங்களிலேயே ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைக் கவனிக்கிறார்கள்.